எழுத்துகளை எண்ணிய மனிதர்



ஐந்தாறு ஆங்கில எழுத்துகளைக் கொடுத்து, "இதுக்குள்ள எத்தனை சின்ன வார்த்தை இருக்கு, சொல்லு பார்ப்போம்" என்று கேட்கும் விளையாட்டை நாம் எல்லோருமே ஆடியிருப்போம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆடியிருப்போம். பஸ்ஸில் ஆடியிருப்போம். வாத்தியார் வராத பீரியடில் ஆடியிருப்போம். இந்த விளையாட்டை ஒரு போர்டும் நூறு மரக்கட்டையுமாக மாற்றி, ஸ்கிராபிள் என்ற பெயரில் உலகம் முழுக்கப் போய்ச் சேர வைத்த மனிதர் யார் தெரியுமா?

அவர் ஆங்கிலப் பேராசிரியர் அல்ல. அகராதி தொகுத்தவரும் அல்ல. நம்மைப் போல டிராயிங் போர்டும் டி-ஸ்கொயரும் வைத்துப் பிழைத்தவர். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த ஓர் ஆர்க்கிடெக்ட். இன்னொரு ஆச்சரியமும் உண்டு. தனக்கு ஸ்பெல்லிங் சரியாக வராது என்று அவரே சொல்லிக்கொண்டவர்! அவர் பெயர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ். அவருடைய வாழ்க்கையைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

பிறப்பும் படிப்பும்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் பொகீப்ஸி என்று ஓர் ஊர். அங்கே 1899-ம் ஆண்டு ஏப்ரல் 13-ம் தேதி பட்ஸ் பிறந்தார். அப்பா வக்கீல். அம்மா பள்ளி ஆசிரியை. படித்த குடும்பம்தான். அந்த விஷயத்தில் அவருக்கும் எனக்கும் ஒற்றுமை கிடையாது. எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்!

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து 1924-ல் பட்டம் வாங்கினார். கை சுத்தமான கை. கோடு இழுத்தால் கோடு, எழுத்து எழுதினால் அச்சு. பொழுதுபோக்காகவும் படம் வரைவார். அவர் வரைந்த ஆறு படங்களை நியூயார்க்கின் புகழ்பெற்ற மெட்ரோபாலிட்டன் மியூசியம் வாங்கி வைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்ததும் நியூயார்க் நகரத்தில் ஓர் ஆர்க்கிடெக்ட் கம்பெனியில் வேலை. நீனா என்ற பள்ளி ஆசிரியையோடு கல்யாணம். குவீன்ஸ் பகுதியில் ஜாக்சன் ஹைட்ஸ் என்ற இடத்தில் குடித்தனம். மாசம் பிறந்தால் சம்பளம். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வேலை போச்சு!

1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் பெருமந்தம். வங்கிகள் மூடின, தொழிற்சாலைகள் மூடின. 1933 வாக்கில் அந்த நாட்டில் வேலை செய்யக்கூடிய நாலு பேரில் ஒருத்தருக்கு வேலை இல்லை. பணக்கார நாடு என்று நாம் நினைக்கிற நாட்டில் ஒரு தட்டு சூப்புக்கும் ரொட்டிக்கும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

இப்படி ஒரு சமயத்தில் முதலில் அடி வாங்குவது எது? கட்டட வேலைதான். கையில் காசு இல்லாதவன் வீடு கட்டுவானா? கட்டடம் கட்ட ஆள் இல்லை என்றால் பிளான் போடுகிறவனுக்கு என்ன வேலை? 1931-ல் பட்ஸுக்கு வேலை போனது. அப்போது அவருக்கு வயது 32.

வேலை இல்லாதவன் வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் அண்ணன்மார்களை நாம் பார்க்கிறோம். வருகிற போகிற ஒவ்வொருத்தரும் "என்னப்பா, ஏதாவது அமைஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நல்ல மனசோடுதான் கேட்பார்கள். ஆனாலும் சோறு இறங்காது.

பட்ஸ் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. கம்பெனி வேலையைத்தான் பறிக்க முடிந்தது. கைத்தொழிலைப் பறிக்க முடியவில்லை. ஜனங்களுக்குக் கையில் காசு இல்லை, ஆனால் நேரம் நிறைய இருக்கிறது. அப்படியானால் வீட்டில் உட்கார்ந்து விளையாட ஒரு நல்ல விளையாட்டைச் செய்து விற்றால் என்ன என்று யோசித்தார்.

முதலில் இருக்கிற விளையாட்டுகளையெல்லாம் மூன்றாகப் பிரித்தார். செஸ் மாதிரி காய் நகர்த்துவது ஒன்று. சீட்டு, தாயக்கட்டை மாதிரி எண்ணை நம்பி ஆடுவது இரண்டு. எழுத்தை வைத்து ஆடுவது மூன்று. இந்த மூன்றாவது வகையில் பெரிதாக எதுவும் இல்லை என்று கண்டார். செஸ்ஸில் முழுக்கத் திறமை. பகடையில் முழுக்க அதிர்ஷ்டம். பாதி திறமை, பாதி அதிர்ஷ்டம் என்று இருந்தால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஆடலாம் அல்லவா? நோக்கம் தெளிவாகிவிட்டது. இனி வேலைதான் பாக்கி.

எண்ணத் தொடங்கினார்

இங்கேதான் நண்பர்களே, நாம் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. எழுத்துகளைக் குவித்து வைத்து ஆடுவது என்றால் எந்த எழுத்தை எத்தனை வைப்பது? 26 எழுத்திலும் ஆளுக்கு நாலு என்று வைத்தால் நாலு 'க்யூ', நாலு 'இஸட்' வந்துவிடும். வார்த்தையே அமையாது.

எட்கர் ஆலன் போ என்ற எழுத்தாளரின் கதை ஒன்றில், ரகசியக் குறிப்பில் எந்த அடையாளம் அதிகமாக வருகிறது என்று எண்ணிப் பார்த்துப் புதையலைக் கண்டுபிடிப்பார்கள். அது பட்ஸின் மனசில் இருந்தது. நியூயார்க் டைம்ஸ் முதலான பத்திரிகைகளை எடுத்து வைத்தார். பென்சிலை எடுத்தார். 'ஏ' எத்தனை, 'பி' எத்தனை, 'சி' எத்தனை என்று பக்கம் பக்கமாக எண்ணினார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். எல்லாம் கையால்தான். கட்டடத்துக்கு எஸ்டிமேட் போடுகிறவன் செங்கல்லை எண்ணுவது போல அவர் எழுத்தை எண்ணினார்!

அந்தக் கணக்கில் வந்ததுதான் இன்றும் ஆங்கில ஸ்கிராபிள் பெட்டிக்குள் இருக்கிறது. மொத்தம் 100 கட்டை. அதில் 'ஈ' மட்டும் 12. 'ஏ', 'ஐ' ஒவ்வொன்றும் 9. 'ஓ' 8. 'ஜே', 'கே', 'க்யூ', 'எக்ஸ்', 'இஸட்' ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. எழுத்து எழுதாத வெற்றுக் கட்டை இரண்டு. அதை எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம்.

மதிப்பெண்ணும் அதே கணக்குத்தான். ஏராளமாக வரும் எழுத்துக்கு 1 புள்ளி. அரிதாக வரும் 'க்யூ'வுக்கும் 'இஸட்'டுக்கும் 10 புள்ளி. 'ஜே', 'எக்ஸ்' இரண்டுக்கும் 8. மார்க்கெட்டில் வரத்து அதிகமானால் தக்காளி விலை இறங்குகிற மாதிரிதான்.

ஆனால் எண்ணி வந்ததை அப்படியே கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிடவில்லை. ஆங்கிலத்தில் 'எஸ்' நிறைய வரும். ஆனால் எந்தப் பெயர்ச்சொல்லின் வாலிலும் ஒரு 'எஸ்'ஸை ஒட்டினால் பன்மையாகிவிடும், ஆட்டம் ரொம்பச் சுலபமாகிவிடும் என்பதால் 'எஸ்'ஸை நாலோடு நிறுத்தினார். ஃபார்முலாவில் வருகிற விடை ஒன்று, சைட்டில் நிற்கும்போது புத்தி சொல்லும் விடை இன்னொன்று என்று நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அது இதுதான்.

கட்டங்களும் புளூபிரிண்டும்

முதலில் அவர் செய்த விளையாட்டுக்கு லெக்ஸிகோ என்று பெயர். அதில் போர்டே கிடையாது. கட்டைகளை எடுத்து, கையில் வந்த எழுத்தை வைத்து வார்த்தை அமைக்க வேண்டும். அவ்வளவுதான். பிறகு குறுக்கெழுத்துப் போட்டியின் யோசனை வந்தது. ஒருத்தர் வைத்த வார்த்தையில் தொட்டுத்தான் அடுத்தவர் வைக்க வேண்டும் என்று மாற்றினார். 1938 வாக்கில் அதற்கு கிரிஸ்-கிராஸ் வேர்ட்ஸ் என்று பெயர் வைத்தார். நீளத்தில் 15, அகலத்தில் 15, ஆக 225 கட்டம். ஒவ்வொருத்தர் கையிலும் ஏழு எழுத்து. இன்றைக்கும் இதே அளவுதான்.

அந்தப் போர்டை எப்படிச் செய்தார் தெரியுமா? தன் டிராயிங் கருவிகளை வைத்தே கட்டங்களை வரைந்தார். ஆர்க்கிடெக்டுகள் பிளானுக்கு நகல் எடுப்பார்களே, அந்த புளூபிரிண்ட் முறையிலேயே நகல் எடுத்தார். மடக்கக்கூடிய செக்கர்ஸ் போர்டின் மேல் ஒட்டினார். எழுத்துகளைத் தன் கையாலேயே எழுதி, மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, துண்டு துண்டாக வெட்டினார். முதலீடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. படித்த படிப்புதான் முதலீடு.

ஆடிப் பார்க்க ஆள் வேண்டும். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சர்ச்சின் கூடத்தில் நண்பர்களோடு ஆடிப் பார்த்தார். எங்கே இழுக்கிறது, எங்கே சலிக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினார். வீட்டில் நீனா அம்மா அவரைவிட நன்றாக ஆடுவார். கண்டுபிடித்தவரையே அவருடைய விளையாட்டில் மனைவி தோற்கடிப்பார். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லிச் சிரிப்பாராம்.

வேண்டாம் என்றவர்கள்

இவ்வளவு உழைத்த பொருளுக்கு என்ன மரியாதை கிடைத்தது? பார்க்கர் பிரதர்ஸ், மில்டன் பிராட்லி ஆகிய இரண்டும் அன்றைக்கு அமெரிக்காவில் பெரிய விளையாட்டுக் கம்பெனிகள். இரண்டும் வேண்டாம் என்றுவிட்டன. காப்புரிமை கேட்டுப் போட்ட மனுவும் நிராகரிக்கப்பட்டது.

1930-களின் நடுவில் அவருக்கு மறுபடி ஆர்க்கிடெக்ட் வேலை கிடைத்துவிட்டது. இன்னொருவராக இருந்தால் பெட்டியைப் பரண்மேல் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார். பட்ஸ் வேலைக்கும் போனார், ஓய்வு நேரத்தில் விளையாட்டையும் திருத்தினார், கேட்டவர்களுக்குக் கையால் செய்தும் கொடுத்தார். லாபம் இல்லை. ஆனாலும் விடவில்லை. இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது.

புரூனோ வந்தார்

அவர் கையால் செய்து கொடுத்த பெட்டிகளில் ஒன்று ஜேம்ஸ் புரூனோ என்பவரிடம் இருந்தது. இந்த விளையாட்டு இப்படிக் கிடக்கக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. 1948-ல் இருவரும் பேசி முடித்தார்கள். தயாரிப்பதும் விற்பதும் புரூனோ. விற்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சிறு தொகை பட்ஸுக்கு.

புரூனோ சில மாற்றங்கள் செய்தார். விதிகளைச் சுருக்கினார். இரட்டிப்பு, மும்மடங்கு தரும் கட்டங்களை இடம் மாற்றினார். கையிலுள்ள ஏழு எழுத்தையும் ஒரே தடவையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல் என்றார். பெயரையும் மாற்றினார். ஸ்கிராபிள் என்றால் ஆங்கிலத்தில் கையால் துழாவுவது, பிறாண்டுவது என்று பொருள். எழுத்துக்காகத் துழாவுகிறோம் அல்லவா, பொருத்தமான பெயர்தான்! 1948 டிசம்பரில் அந்தப் பெயர் பதிவானது.

கனெக்டிகட் மாநிலத்தில் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் தயாரிப்பு தொடங்கியது. 1949-ல் ஏறக்குறைய 2,400 பெட்டி செய்தார்கள். லாபமா? 450 டாலர் நஷ்டம்! அடுத்தடுத்த வருஷங்களிலும் தள்ளாட்டம்தான்.

திடீரென்று 1952-ல் காற்று திரும்பியது. நியூயார்க்கில் மேசிஸ் என்று மிகப் பெரிய ஜவுளி, பலசரக்குக் கடை. அதன் தலைவர் விடுமுறைக்குப் போன இடத்தில் இதை ஆடிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து தன் கடையில் இது ஏன் இல்லை என்று கேட்டதாகச் சொல்வார்கள். அந்தக் கடை ஆர்டர் கொடுத்ததும் ஆர்டர் மேல் ஆர்டர் குவிந்தது. புரூனோவால் தயாரித்து மாளவில்லை. செல்கோ அண்டு ரைட்டர் என்ற கம்பெனிக்குத் தயாரிப்பு உரிமையைக் கொடுத்தார்கள். 1954-ல் மட்டும் சுமார் 40 லட்சம் பெட்டி விற்றது என்று கணக்கு.

வேலை போன வருஷம் 1931. விளையாட்டு விற்கத் தொடங்கியது 1952. நடுவில் 21 வருஷம்! நம்மில் பலருடைய வயதைவிட அதிகம் நண்பர்களே!

சின்ன வார்த்தைகளின் பலம்

இனி விளையாட்டுக்குள் வருவோம். ஸ்கிராபிள் என்றால் பெரிய பெரிய ஆங்கில வார்த்தை தெரிந்தவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று நானும் நினைத்தேன், நீங்களும் நினைத்திருப்பீர்கள். உண்மை வேறு. இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது இரண்டெழுத்து வார்த்தைகளைத்தான். ஆட்டத்தின் அகராதியில் அப்படிப்பட்டவை நூற்றுக்கும் மேல் உண்டு. பெரிய வார்த்தைக்கு இடம் கிடைக்காத மூலையிலும் இரண்டெழுத்து நுழைந்துவிடும். ஏற்கனவே இருக்கும் வார்த்தைக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்தால் குறுக்கிலும் நெடுக்கிலும் சேர்த்துப் புள்ளி கிடைக்கும்.

நமக்குத் தெரிந்த ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். ஸ்டோன், அதாவது கல். எஸ், டி, ஓ, என், ஈ என்று ஐந்து எழுத்து. ஐந்தையும் வரிசை மாற்றினால் 120 விதமாக அடுக்கலாம். ஏழெழுத்து என்றால் 5,040 விதம். எல்லாவற்றையும் அடுக்கிப் பார்க்க முடியுமா? முடியாது. அதனால் சின்னதிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் உயிரெழுத்தைத் தனியே எடுத்து வையுங்கள்: ஓ, ஈ. இரண்டெழுத்து பாருங்கள்: ஆன், நோ, சோ, டூ. மூன்றெழுத்து: ஒன், டன், டென், நெட், செட், நாட், சன். நாலெழுத்து: நோட், டோன், நோஸ், நெஸ்ட். ஐந்தே எழுத்துக்குள் எத்தனை!

இன்னொரு வழியும் உண்டு. 'ஓ', 'என்' சேர்ந்தால் ஆன். அதன் பின்னால் ஓர் 'ஈ' போட்டால் ஒன். அதன் முன்னால் ஒரு 'டி' போட்டால் டோன். அதன் முன்னால் ஓர் 'எஸ்' போட்டால் ஸ்டோன். ஒவ்வோர் எழுத்தாக ஏறிப் போய்விட்டோம். பெரிய வார்த்தை தனியாக வானத்திலிருந்து குதிக்கவில்லை.

எங்க அப்பா கொத்தனார். பள்ளிக்கூடம் போனது மூணு வருஷம்தான். அஸ்திவாரத்துக்குக் கருங்கல் கட்டும்போது பெரிய கல்லை வைத்துவிட்டு, இடையில் சின்னச் சின்னச் சில்லைச் செருகி இறுக்குவார். சில்லு வைக்காமல் வெறும் கலவையை அள்ளி ரொப்பினால் நாளைக்குக் கல் ஆடும் என்பார். இரண்டெழுத்து வார்த்தைகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தச் சில்லுதான் ஞாபகம் வந்தது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கே வந்து ஆங்கிலத்தில் பாடம் கேட்கும் நமக்கும் இது பொருந்தும். பெரிய வார்த்தை வரவில்லையே என்று பின்பெஞ்சில் ஒளிவதைவிட, தெரிந்த சின்ன வார்த்தைகளை இறுக்கமாக வைக்கப் பழகலாம்.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் ஜெயிக்க அர்த்தம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பவர் பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலே, அகராதியை மனப்பாடம் செய்து 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிளில் உலகப் பட்டம் வென்றார்! ஆனால் நமக்கு அது போதாது. இன்டர்வியூவில் யாரும் எழுத்துக் கட்டை கொடுக்க மாட்டார்கள். கண்டுபிடிக்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தத்தையும் பக்கத்தில் எழுதி வைத்தால்தான் நமக்கு ஆதாயம்.

கடைசி நாட்கள்

இவ்வளவு விற்றதே, பட்ஸ் கோடீஸ்வரர் ஆகிவிட்டாரா? இல்லை. பெட்டி ஒன்றுக்கு அவருக்குக் கிடைத்தது சுமார் மூன்று சென்ட்தான். பத்து லட்சம் பெட்டி விற்றால் 30,000 டாலர். வந்ததில் மூன்றில் ஒரு பங்கு வரிக்குப் போயிற்று, ஒரு பங்கைப் பிறருக்குக் கொடுத்தேன், மீதி ஒரு பங்கில் நிம்மதியாக வாழ்ந்தேன் என்ற கருத்தில் அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். புரூனோ மேல் குறை சொல்லிக்கொண்டு திரியவில்லை. தன் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த பழைய வீட்டை ஸ்டான்ஃபோர்ட்வில் என்ற ஊரில் திரும்ப வாங்கினார். அந்த ஊர் நூலகத்துக்குக் கட்டடம் வடிவமைத்தவரும் அவரே. விளையாட்டு புகழடைந்த பிறகும் ஆர்க்கிடெக்ட் வேலையை அவர் விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1985-ல் இன்னொரு விளையாட்டையும் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 86! அது ஸ்கிராபிள் அளவுக்குப் போகவில்லை. அதனால் என்ன? 1993-ம் ஆண்டு ஏப்ரல் 4-ம் தேதி, 94-வது பிறந்த நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது காலமானார்.

ஜாக்சன் ஹைட்ஸில், அவர் ஆடிப் பார்த்த சர்ச் இருக்கும் தெருமுனையில், அவர் நினைவாக ஒரு தெருப்பலகை வைத்தார்கள். தெருவின் பெயரில் ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே ஸ்கிராபிள் புள்ளி எழுதியிருக்கும். நடுவில் அந்தப் பலகை காணாமல் போய், 2011-ல் மறுபடி புதிதாக வைத்தார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நண்பர்களே! பட்ஸ் நமக்கு விட்டுப்போனது வெறும் விளையாட்டு மட்டும் அல்ல. ஆங்கிலம் என்பது சிலருக்கு மட்டும் பிறவியிலேயே வருகிற வரம் என்ற பயத்தை அவருடைய வாழ்க்கை போக்குகிறது. ஸ்பெல்லிங் வராத மனிதர் அந்த மொழியைப் பார்த்து ஒதுங்கவில்லை. பென்சிலை எடுத்து எழுத்து எழுத்தாக எண்ணினார். எண்ணத் தெரிந்தவனுக்கு எதுவும் அளவுக்கு அடங்கும். நாம் டிப்ளமோ மாணவர்கள். நமக்கு எண்ணத் தெரியும், அளக்கத் தெரியும்.

ஒன்று செய்து பாருங்கள். நாளைக்கு உங்கள் துறைப் பாடத்தில் வருகிற ஒரு வார்த்தையை எடுங்கள். சிமென்ட் ஆகட்டும், பிஸ்டன் ஆகட்டும், மோட்டார் ஆகட்டும். அதற்குள் ஒளிந்திருக்கும் சின்ன வார்த்தைகளைத் தேடி அர்த்தத்தோடு எழுதுங்கள். தினம் ஒன்று என்றால் மூன்று வருஷப் படிப்பு முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிடலாம். செலவு ஒரு நோட்டு, ஒரு பேனா. வெற்றி நமதே!

— கட்டடவியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன்